வேலைக்கு ஆவுமா?

என் மகளுக்கு 9 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை. மல்லாக்கக் கிடத்தி இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கினால் உடம்பு வரும், தலை பின்னாலேயே தொங்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் ஈரத்துணி மாதிரி நழுவுவாள். படுக்கையில் கால் இரண்டும் தவளைக்கால் போல அகண்டு கிடக்கும். டாக்டர் ஹைப்போடோனியா என்று சீட்டில் எழுதினார். ஊரிலிருந்து வந்த என் அம்மா பிள்ளையைக் கொஞ்ச நேரம் மடியில் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டா, இது நாளைக்கு ஒரு வேலைக்கு ஆவுமா?"

சுருக்கென்றிருந்தது. இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம்தான் உறைத்தது. இது என் அம்மாவின் கேள்வி இல்லை. பண்ணைக்கு ஆள் வைக்கும்போது ஆண்டை கேட்ட கேள்வி. அவன் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான், தொட்டால் தீட்டு. தள்ளி நிறுத்தி, மாட்டை மதிப்பதுபோல் கண்ணாலேயே அளந்திருப்பான். ஏழு வயதில் அப்படி அளக்கப்பட்டவள் என் அம்மா. அந்த அளவுகோல் அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அவளுக்குள் மட்டுமா? தோழர்களே, இந்தப் பக்கங்களில் வந்த என் கவிதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கேறிய கருத்த புஜம், உயர்ந்த முஷ்டி, நிமிர்ந்த தலை. எதிரியைத் திட்ட 'முதுகெலும்பில்லாதவன்'. அரசைத் திட்ட 'நொண்டிச் சட்டம்'. நம் சனத்தையே 'ஊமைச்சனம்'. பிறப்பை வசவாக்கிக் கேட்டு வளர்ந்த நாம், இன்னொரு பிறப்பை வசவாக்கக் கூச்சப்படவில்லை. வலுத்த உடம்புதான் கலகம் செய்யும் என்று நம்பியிருக்கிறோம். உழைக்கிற உடம்பைக் கொண்டாடுவது சரிதான். ஆனால் உழைக்க முடியாத உடம்புக்கு நம் அரசியலில் எங்கே இடம்?

ஹைப்போடோனியா என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, ஓர் அடையாளம். சும்மா இருக்கும்போதும் தசையில் ஒரு விறைப்பு இருக்கும். அது குறைந்துபோவது. மூளையில் கோளாறு இருக்கலாம், நரம்பில் இருக்கலாம், தசையிலேயே இருக்கலாம், பிறவியிலேயே தைராய்டு சுரக்காமல் இருக்கலாம். தைராய்டு என்றால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரை இருக்கிறது, தாமதித்தால் மூளைக்குச் சேதம். சிலருக்குக் காரணமே அகப்படாது. எங்களுக்கு இன்னும் அகப்படவில்லை. "சொந்தத்துல கட்டுனீங்களா?" "முழுகாம இருக்கும்போது என்ன சாப்ட்டே?" என்று என் மனைவியைத்தான் எல்லோரும் விசாரித்தார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

பிசியோதெரபி என்றால் கரண்டு வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் கிடையாது. ஒரு துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கடியில் வைத்துக் குப்புறக் கிடத்த வேண்டும். முகத்துக்கு முன்னால் நாமும் குப்புறப் படுத்துக் கிலுகிலுப்பை ஆட்ட வேண்டும். அவள் தலையைத் தூக்குவாள், ஒன்று, இரண்டு, பொத்தென்று விழும். மறுபடியும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெரிய பந்தின்மேல் உட்கார வைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெல்லச் சாய்க்க வேண்டும், விழாமல் இருக்க உடம்பு தானே கற்றுக்கொள்ளும். மூட்டுகள் தொளதொளவென்றிருப்பதால் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்து உருவினால் தசை இறுகிவிடும் என்பதெல்லாம் பேச்சு. பயிற்சியால் விறைப்பு பெரிதாக மாறாது, பலம் கூடும். அதுவும் பத்துப் பத்து நிமிஷமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில். கவிதையில் நான் ஒரே வரியில் நிமிர்த்திய தலையை இங்கே துண்டை வைத்துக்கொண்டு நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன்.

சிகிச்சை அறையில் பெரும்பாலும் நான் ஒருவன்தான் ஆண். "அம்மா வரலீங்களா?" என்பார்கள். எனக்கு லீவு இருக்கிறது, பாங்கு வேலை. செங்கல் சூளையிலிருந்து ஒரு பெண் வருவாள், நம்ம பெண்தான். அவள் பையனுக்கும் இதே தொய்வு. மூன்று வாரம் வந்தாள். "பஸ்ஸுக்குக் காசில்ல, சரிண்ணா. கூலிய யாரு குடுப்பா? அட்வான்ஸ் வாங்கியிருக்கமே" என்றாள். நாலாவது வாரம் அவளைக் காணோம். அந்தப் பையனின் தலை நிற்பதும் நிற்காததும் வைத்தியத்தில் இல்லை, சூளை முதலாளியின் கணக்கு நோட்டில் இருக்கிறது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தில், அங்கன்வாடிக் குழந்தைகளை வருஷத்துக்கு 2 முறை சோதிக்க வேண்டும், மேல்சிகிச்சைக்கு மாவட்டத் தொடக்க இடையீட்டு மையம் என்று ஏற்பாடு. 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த ஊனம், 2016 சட்டத்தில் 21 ஆனது. எல்லாம் சரி. பிள்ளைக்குத் தினமும் வேண்டிய கை, மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருந்தால்? காலனி அங்கன்வாடிக்கு வாரம் ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் வந்தாக வேண்டும். பயிற்சிக்குப் போகிற நாளுக்குத் தாய்க்கு, தகப்பன் போனால் தகப்பனுக்கு, கூலி தர வேண்டும். சுடுகாட்டுப் பாதைக்கும் பட்டாவுக்கும் மனு எழுதுகிற நாம் இதையும் எழுத வேண்டும்.

ஒரு தோழர் சிரித்தார். "வேங்கைவயல் மாதிரி நடக்கிற நாட்டுல பிசியோதெரபியா?" 2022 டிசம்பரில் அங்கே நம் சனத்தின் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது எப்படித் தெரியவந்தது? குழந்தைகள் நோயில் விழுந்துதான். சாதியை முதலில் வாங்கிக்கொள்வது பிள்ளைகளின் உடம்பு. அதைக் கவனிப்பது பொம்பளைங்க வேலை என்று நாம் ஒதுக்கிவிட்டால், நம்மிடமும் ஓர் ஊரும் ஒரு சேரியும் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மகளுக்கு இப்போது 14 மாதம். முட்டுக் கொடுத்தால் உட்காருகிறாள். நடப்பாளா என்று கேட்டால் டாக்டர், "பாக்கலாம்" என்கிறார். நேற்றுச் சாயங்காலம் நான் பாங்கிலிருந்து வந்தபோது, என் அம்மா கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். "துண்டு நழுவுதுடா, கொஞ்சம் சரிபண்ணு" என்றாள், தலையைத் திருப்பாமலே.