அடைபட்ட வாயிலும் எலும்பு தந்த பாதையும்

தோழா!

சென்ற திங்கள் ஒரு சிற்றூர்க் கூட்டம். மேடையிலே நான், முன்வரிசையிலே ஒரு முதியவர். மக்கள் சிரித்தனர், கை தட்டினர். அவரோ என் உதட்டையே உற்று நோக்கியபடி அமர்ந்திருந்தார். முப்பதாண்டுக் காலம் விசைத்தறியிலே உழைத்தவராம். வயிற்றுக்குச் சோறிட்ட தறி, செவியைத் தின்றுவிட்டது! "செவிட்டுக் கிழம்" என்று சிரித்தான் ஓர் இளைஞன். கடிந்துகொள்ள வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. ஏன் தெரியுமா? என் நாடகமொன்றிலும் ஒரு செவிடன் உண்டு. ஒன்று கேட்டால் வேறொன்று கூறி அவையைச் சிரிக்க வைப்பவன். அவனைப் படைத்தவன் நான்தானே!

சிரித்தோம், சிந்தித்தோமா? விதி என்றோம், முன்வினை என்றோம்; காரணம் யாது என்று கேட்டோமா?

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த அறிக்கையைப் பார். செவித்திறன் குறைந்தோர் 150 கோடிக்கும் மேல்! குழந்தைகளுக்கு நேரும் இழப்பிலே நூற்றுக்கு அறுபது, தடுக்கக்கூடிய காரணங்களால் விளைவது. தடுக்கக்கூடியதை விதி என்பது பேதைமையல்லவா?

செவி ஒரு மாளிகை. ஒலி புறச்செவி வழியே புகுந்து, செவிப்பறையைத் தட்டி, சுத்தி, பட்டடை, அங்கவடி எனும் மூன்று சிற்றெலும்புகளை அசைத்து, நத்தைபோற் சுருண்ட உட்செவியை அடைகிறது. குறும்பி அடைத்தாலும், சீழ் வடிந்து பறை கிழிந்தாலும், செவித்துளையே இன்றிக் குழந்தை பிறந்தாலும் வழி அடைபடும். பேரிரைச்சல், முதுமை, மூளைக்காய்ச்சல், ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள், கருவுற்ற தாயைத் தாக்கும் ருபெல்லா ஆகியவை உட்செவியையே கெடுக்கும். முன்னது வாயிலின் பழுது. பின்னது வீட்டின் பழுது.

வாயில் அடைபட்டால் வேறு வழியில்லையா? இரு காதுகளையும் பொத்திக்கொண்டு பேசிப்பார். உன் குரல் உனக்குக் கேட்கிறதே, எப்படி? எலும்பின் வழியே உட்செவியைச் சேர்கிறது! இந்த உண்மையைக் கருவியாக்கினர் சுவீடன் நாட்டு அறிஞர். டைட்டானியம் எனும் உலோகம் எலும்போடு ஒன்றிவிடும் என்று 1950-களிலே கண்டவர் பிரேனமார்க். அதன் பயனாய், 1977-இல் கோத்தன்பர்க் நகரிலே, காதுக்குப் பின்னுள்ள எலும்பிலே சிறு திருகைப் பதித்து, அதில் ஒலிக்கருவியைப் பொருத்தினர். அடைபட்ட வாயிலைச் சுற்றிக்கொண்டு ஒலி உள்ளே சென்றது! மண்டையோடு மெல்லியதாயுள்ள சிறு குழந்தைக்கு அறுவை வேண்டாம். மென்பட்டையிலே கருவியைக் கட்டினாலே போதும்.

இது எல்லார்க்கும் மருந்தன்று. உட்செவி சிறிது கெட்டவர்க்குச் சாதாரணச் செவிக்கருவி. பெரிதும் கெட்டவர்க்குக் காக்ளியர் கருவி. திருகைச் சுற்றித் தோல் புண்படுவதும் உண்டு, தூய்மை வேண்டும். விலையோ இலட்சக்கணக்கில்! செவியற்ற குழந்தை குடிசையிலும் பிறக்கிறது, கோபுர மாளிகையிலும் பிறக்கிறது. கருவி மட்டும் மாளிகைக்கே என்றால், அறிவியல் பிறந்தும் பயன் என்ன? ஏழையின் குழந்தைக்கும் அது கிட்ட வேண்டும் என்று கேட்பது இரத்தலன்று, உரிமை!

உரிமை கேட்கும் நாமும் கடமை மறவாதிருப்போம். பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை; குறை உறுதியானால் ஆறு மாதத்திற்குள் உதவி. செவி வழியே மொழி நுழையும் பருவம் அது. காலம் தாழ்ந்தால் பேச்சும் தாழும். சீழ் வடியும் காதிலே எண்ணெய் ஊற்றாதே. மருத்துவரிடம் அழைத்துச் செல். பெண்மக்களுக்கு ருபெல்லா தடுப்பூசி, தறித் தொழிலாளிக்குக் காதடைப்பான்... இவற்றை உன் ஊர்ப் படிப்பகத்திலே எடுத்துச் சொல்.

அந்த முதியவருக்கு எலும்புத் திருகு பயன்படாது. இரைச்சல் கெடுத்தது உட்செவியை அல்லவா? அவருக்கு வேண்டியது செவிக்கருவி. அதைப் பெற்றுத்தர அவ்வூர்த் தோழர்கள் முன்வந்துள்ளனர். நான்? என் நாடகத்திலிருந்து அந்தக் காட்சியை நீக்கிவிட்டேன், தோழா. மேடையிலே பிழைத்தவன், மேடையிலேதானே திருத்திக்கொள்ள வேண்டும்!