வருகிற லோடு நம் வீட்டு லோடு
நெற்குப்பை பொதுமக்களின் வேண்டுகோள்



2023 டிசம்பர் 30. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தின் நமனசமுத்திரத்தில், கோயில் யாத்திரை வந்தவர்கள் வேனை நிறுத்திவிட்டு டீக்கடையில் நின்றிருந்தார்கள். தறிகெட்டு வந்த சிமெண்ட் லாரி அவர்கள் மேல் பாய்ந்தது. 5 உயிர்கள் போயின. அரியலூரில் சிமெண்ட் ஏற்றிய அந்த லாரி வந்துகொண்டிருந்தது சிவகங்கைக்கு. நம் மாவட்டத்துக்கு வந்த சுமை அது.

அதனால்தான் இந்த வேண்டுகோளை முதலில் நமக்கு நாமே வைத்துக்கொள்கிறோம். நம் தெருவில் வீடு எழும்பும்போது ஜல்லியும் எம்-சாண்டும் டிப்பரில்தான் வருகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஒரு யூனிட் அதிகமாக ஏற்றினால் சுமார் நான்கு டன் பாரம் கூடுகிறது. அந்தப் பாரத்தோடு பிரேக் பிடித்தால் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. பம்பரை ஒட்டிச் சாலையைக் கடக்கும் பிள்ளையும், இடது சக்கரத்தை ஒட்டிப் போகும் சைக்கிளும் ஓட்டுநரின் கண்ணுக்கே படுவதில்லை.

ஓட்டுநரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்தது. நடைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அந்த ஓய்வு எங்கே கிடைக்கும்? அவசரப்படுத்துவது நாமும்தான்.

ஆகவே கேட்டுக்கொள்கிறோம்:

1. வீடு கட்டுவோர், பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லோடு வரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஓவர்லோடு வண்டியையும் தார்ப்பாய் மூடாத வண்டியையும் திருப்பி அனுப்புங்கள்.

2. லாரி உரிமையாளர்களே, டிப்பருக்கு 60 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றாதீர்கள். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

3. விவசாயிகளே, சாலையில் நெல் காயப்போட்டு ஓரத்தில் கல் வைக்க வேண்டாம். கல்லுக்கு விலகுகிற லாரி எதிரே வருபவர் மேல் ஏறும். களத்தைப் பயன்படுத்துவோம்.

4. தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்கள், இரவில் ஒளிரும் பட்டை அணிந்து வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடங்கள்.

5. விபத்தைக் கண்டால் தயங்காமல் 108-ஐ அழையுங்கள். உதவுகிறவரைச் சட்டம் காக்கிறது.

பள்ளி அருகே வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் எடைச் சோதனையும் வேண்டுமென்று நெடுஞ்சாலைத் துறையையும் போக்குவரத்துத் துறையையும் கேட்போம். அந்த மனுவில் வீட்டுக்கு ஒருவராவது கையெழுத்திடுங்கள்.

நம் வீட்டுக்கு வருகிற ஒரு லோடு ஜல்லிக்காக இன்னொரு வீட்டில் ஒப்பாரி எழக் கூடாது.

இப்படிக்கு,
நெற்குப்பை பொதுமக்கள்