சர்க்கார் நடத்தும் அதிர்ஷ்ட வியாபாரம்

சந்து மூலையில் நாலு பேர் உட்கார்ந்து காசு வைத்துச் சீட்டாடினால் போலீசார் வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதையே ஒரு சர்க்கார் இலாகா வைத்து, முத்திரை போட்டு, ஊர் ஊராய் ஏஜெண்டு வைத்து நடத்தினால் அதற்கு நாட்டு நலம் என்று பெயர் சொல்லப்படுகிறது. இந்த வித்தியாசத்திற்கு நியாயம் என்ன என்பதே நமது கேள்வி.

இந்தியாவில் முதன்முதல் லாட்டரியை ஒரு சர்க்கார் இலாகாவாக்கிய பெருமை கேரளத்தைச் சேர்ந்தது. 1967இல், ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் மந்திரி சபையில் நிதி மந்திரியாயிருந்த பி.கே. குஞ்ஞு அவர்கள் காலத்தில் அது ஆரம்பமாயிற்று. சீட்டு 1 ரூபாய். முதற்பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26ந் தேதி. சென்னை சர்க்காரும் 1968இல் அதே வழியில் இறங்கி, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று விளம்பரம் செய்தது. நம்மவர் ஆட்சி செய்த காரியம் என்பதற்காக அதை நாம் சரியென்று சொல்ல முடியாது. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடுக்கப்பட்டது. கேரளத்திலோ அது வளர்ந்துகொண்டே போயிற்று.

எப்படி வளர்ந்தது என்பதைப் பாருங்கள். 1998ஆம் வருஷத்து மத்திய சட்டம், ஒரு லாட்டரிக்கு வாரத்திற்கு ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்கிறது. கேரள சர்க்கார் சட்டத்தை மீறவில்லை. ஆனால் வாரத்திற்கு ஏழு நாள் இருப்பதால் ஏழு லாட்டரிக்கு ஏழு பெயர் வைத்துவிட்டது. ஆகவே தினமும் குலுக்கல்தான். 2025இல் வைத்திருந்த பெயர்களோ பாக்கியதாரா, ஸ்திரீ சக்தி, தனலட்சுமி, காருண்யா, சம்ருத்தி என்பவைகளாம். சூதாட்டத்திற்கு லட்சுமியின் பெயர் எதற்கு? அறிவைக் கொண்டு கணக்குப் பார்க்கிறவன் இதை வாங்கமாட்டான், அதிர்ஷ்டத்தை நம்புகிறவன்தான் வாங்குவான் என்பது விற்கிறவர்களுக்கு நன்றாய்த் தெரியும்.

அந்தக் கணக்கைத்தான் நாம் பார்ப்போமே! ஆறு இலக்க எண் 100000 முதல் 999999 வரை 9 லட்சம். 12 தொடர் அச்சடித்தால் சீட்டுகள் 1 கோடியே 8 லட்சம். முதற்பரிசோ ஒன்றே ஒன்று. தினம் ஒரு சீட்டு தவறாமல் வாங்குகிற ஒருவன், சராசரிக் கணக்கில் முதற்பரிசை ஒரு தடவை காண ஏறக்குறைய 29,500 வருஷம் உயிரோடிருக்க வேண்டும். 2025இல் வாரச் சீட்டின் விலை 50 ரூபாயாக்கப்பட்டது. அந்த விலைப்படி தினம் ஒன்று வாங்கினால் வருஷத்திற்கு 18,250 ரூபாய். 30 வருஷத்திற்கு 5,47,500 ரூபாய். சில்லறைப் பரிசாக ஏதோ கொஞ்சம் திரும்பலாம். ஆனால் போனதில் பெரும்பகுதி போனதுதான்.

2022 திருவோணக் குலுக்கலில் 500 ரூபாய்ச் சீட்டு 66 லட்சத்துக்கு மேல் விற்றது. முதற்பரிசு 25 கோடி. அதிலும் ஏஜெண்டு கமிஷனும் வருமான வரியும் போக விழுந்தவர் கைக்கு 15 கோடியே 75 லட்சம் என்று கணக்குச் சொன்னார்கள். இத்தனை லட்சம் பேரில் எத்தனை பேர் ராசி எண் பார்த்து, கனவுக்குப் பலன் பார்த்து, சாமிக்கு நேர்ந்துகொண்டு வாங்கியிருப்பார்கள்! எனக்கு விழ வேண்டும் என்ற வேண்டுதலுக்கு, மற்ற 66 லட்சம் பேருக்கும் விழக்கூடாது என்பதே அர்த்தம். எல்லோரும் வேண்ட, ஒருவனுக்கு மாத்திரம் கொடுக்கிற சாமிக்கும், யார் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் ஒரு எண்ணை நிறுத்துகிற குலுக்கல் இயந்திரத்திற்கும் என்ன வித்தியாசம்?

குலுக்கல் நாணயமாய், பலர் முன்னிலையில் நடக்கிறது என்பார்கள். நடக்கட்டும். 1999இல் சுப்ரீம் கோர்ட்டே, சர்க்கார் நடத்துவதாலேயே லாட்டரி சூதாட்டமல்லாமல் போய்விடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. நாணயமான சூதும் சூதுதான்.

அடுத்தபடியாக, காருண்யா லாட்டரிப் பணம் ஏழைகளின் வைத்தியத்திற்குப் போகிறதே என்பார்கள். 2011இல் அந்த நோக்கத்தோடுதான் அது ஏற்பட்டது. ஏழைக்கு வைத்தியம் வேண்டியதுதான். ஆனால் அந்தச் செலவை யாரிடம் வாங்குவது? வருமான வரி என்றால் பணக்காரன் அதிகம் கொடுக்க வேண்டும். லாட்டரி என்றாலோ சுமை தூக்குகிறவனும் கொத்து வேலைக்காரனுமல்லவா கொடுக்கிறான்! பங்களாக்காரன் சீட்டுக் கடையில் நிற்கிறதை நாம் கண்டதில்லை. ஏழையின் பையிலிருந்து எடுத்து ஏழைக்கே மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு அதற்குக் காருண்யம் என்று பெயர் வைப்பது, உண்டியலில் போட்ட காசில் கொஞ்சம் எடுத்து அன்னதானம் செய்து புண்ணியம் தேடுவது போன்றதேயாகும்.

சீட்டு விற்றுப் பிழைக்கும் ஊனமுற்றோரும் முதியவர்களும் என்ன செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானது. இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் நடக்க முடியாத ஒருவரை வெயிலில் உட்கார்த்தி வைத்துச் சீட்டு விற்கச் செய்யாமல், அவருக்கு மானத்தோடு பென்ஷன் கொடுப்பதல்லவா சர்க்காரின் கடமை?

நிற்க, தடை மாத்திரம் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் தடையிருந்தும் வாளையாரைத் தாண்டிப் போய்ச் சீட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்துத் திருட்டுத்தனமாய் நடத்தும் சூதில் கூலிப் பணத்தைத் தொலைப்பவர்களும் இருக்கிறார்கள். தலைவிதி என்கிற எண்ணம் தலையில் இருக்கும் வரை, ஒரு கடை மூடினால் மற்றொரு கடை திறக்கத்தான் செய்யும்.

ஆகவே தோழர்களே! உழைத்தால் உயர முடியாது, விழுந்தால்தான் உயரலாம் என்று ஒருவன் எண்ணும்படி செய்திருப்பது எது என்று யோசியுங்கள். போதாத கூலியும், தீராத கடனும், இரண்டையும் விதியென்று ஏற்கச் சொல்லும் போதனையுமே அல்லவா? அவற்றை ஒழிக்க வேண்டிய சர்க்காரே அவற்றின் மேல் கடை போட்டு லாபம் பார்ப்பதை நாம் கண்டிக்கிறோம். கூலியை உயர்த்துங்கள், வரியை இருப்பவனிடம் வாங்குங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த 29,500 வருஷக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். பிறகு சீட்டை யார் வாங்குகிறார்கள் என்று பார்ப்போம்.