பென்னலூர்க் கல்லூரியும் பக்கத்து ஊர்ப் பிள்ளையும்

தோழா!

பூந்தமல்லியைக் கடந்து, செம்பரம்பாக்கத்தைத் தாண்டி, திருப்பெரும்புதூர் நோக்கிச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் காலை வேளையில் நின்று பார்த்திருக்கிறாயா? பேருந்தின் பின் பேருந்தாக வரும். சிலவற்றில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மடியில் ஆய்வகப் பதிவேட்டை விரித்து, நேற்று எழுதியிருக்க வேண்டியதை இன்று அவசர அவசரமாக எழுதிக்கொண்டு செல்லும் இளைஞர்கள். எதிர்த்திசையில் வரும் பேருந்துகளிலும் இளைஞர்கள்தாம். அதே வயது, அதே அரும்பு மீசை, கழுத்தில் அட்டையும் உண்டு. ஆனால் இரவெல்லாம் நின்று உழைத்த களைப்பில், சன்னலில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டு வருகிறார்கள். முன்னவர் கல்லூரிக்குப் போகிறவர். பின்னவர் ஆலையிலிருந்து திரும்புகிறவர்.

எவன் எந்தப் பேருந்தில் ஏறுவது என்பதை யார் தீர்மானித்தது? தலைவிதி என்பாருண்டு. நீயும் நானும் அதை ஏற்போமா? இல்லை! அதைத் தீர்மானித்தது சட்டம். சட்டம் கிடைத்த பிறகு தீர்மானிப்பது, அந்தச் செய்தி வீடு வந்து சேர்ந்ததா என்பதே.

பென்னலூரில் இருக்கும் ஸ்ரீ வெங்கடேசுவரா பொறியியற் கல்லூரி 1985-இல் தோன்றியது. அரசு மானியமின்றி, மாணவர் கட்டும் பணத்தைக் கொண்டே நடப்பவற்றைச் சுயநிதிக் கல்லூரிகள் என்கிறோமே, எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் தமிழ்நாட்டில் முளைத்த அவற்றின் முதல் வரிசையைச் சேர்ந்தது அது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 2001-க்குப் பின் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. கல்லூரி தோன்றிய ஆண்டில் இந்த வட்டாரத்தில் கார் ஆலை ஏது? இருங்காட்டுக்கோட்டையில் வண்டிப் பந்தயத் தளம் 1990-இல் வந்தது. ஹூண்டாய் 1998-இல் கார் செய்து வெளியே அனுப்பிற்று. 2006-இல் நோக்கியா வந்தது. 2014-இல் பூட்டிக்கொண்டு போயிற்று. வந்த ஆலை போகும். வாங்கிய பட்டம் போகாது. எனவேதான் ஆலை வாயிலைவிடக் கல்லூரி வாயிலைப் பற்றி உன்னிடம் பேச விழைகிறேன்.

"கல்வி கடைச்சரக்கா?" என்று நாம் மேடைதோறும் முழங்கினோம். முழங்கியது முறையே. நன்கொடை என்ற பெயரால் நடந்த பேரத்தைத் தடுக்க 1992-இல் தனிச் சட்டமே செய்ய வேண்டி வந்தது என்றால், நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதை எண்ணிப்பார்! ஆயினும் ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை. கிண்டியும் கோவையும் மதுரையும் என விரல்விட்டு எண்ணும் கல்லூரிகளோடு நின்றிருந்தால், இந்நாட்டில் இத்தனை பொறியாளர் உருவாகியிருக்க முடியாது. கட்டடம் கட்டியவர் தனியார். ஆனால் அக்கட்டடத்தின் வாயில் எவருக்குத் திறக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நாட்டுக்கு உண்டு.

அந்த வாயில் எளிதில் திறக்கவில்லை, தோழா! 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி உரிமை வீழ்ந்தது, தமிழ்நாடு கொதித்தெழுந்தது, அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அவ்வழக்கோடு சேர்ந்து வந்த மற்றொரு வழக்கு, பொறியியற் கல்லூரி இடம் பற்றியதுதான். அரை நூற்றாண்டு கழித்து அதே கதை மீண்டும் அரங்கேறிற்று. தனியார் கல்லூரிமீது இட ஒதுக்கீட்டைச் சுமத்தலாகாது என்று 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் 93-ஆம் திருத்தத்தை நிறைவேற்றி விடை கூறிற்று. 2006-இல் தமிழ்நாடு தனியார் கல்லூரிகளுக்கென இட ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றியது.

இன்னொரு தாழ்ப்பாளும் இருந்தது. அதன் பெயர் நுழைவுத் தேர்வு. 1984-இல் வந்த அது, பட்டணத்துப் பயிற்சிக் கூடங்களுக்குப் பால் வார்த்தது. கிராமத்துப் பள்ளிக்குப் பட்டை நாமம் சாத்திற்று. அதனை அகற்ற முன்னர் எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு, முன்னாள் துணைவேந்தர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, ஆய்ந்து, 2006-இல் சட்டம் செய்து, 2007-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்ற பின்னரே தாழ்ப்பாள் கழன்றது. பன்னிரண்டாம் வகுப்பின் கணக்குக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200. பள்ளியில் படித்ததற்கே மதிப்பு!

முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அதற்குச் சற்று முன்னரே, கட்ட வழியின்றிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவன்தான் இதை எழுதுகிறான். எந்தக் கல்லூரி என்று கேளாதே, வேண்டாம்.

2021-இல் வந்தது எல்லாவற்றிலும் பெரிது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு தனி இடம்; அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தும் அரசே ஏற்கும். சிறுபான்மையல்லாத தனியார் கல்லூரியில் நூறு இடத்துக்கு 65 அரசு ஒதுக்கீடு. அதில் ஏழரை விழுக்காடு என்றால் ஏறத்தாழ ஐந்து. ஐந்துதானா என்று உதடு பிதுக்காதே! கட்டணமின்றி வந்து அமரும் அந்த ஐவரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பார்.

உள்ளே நுழைந்தபின் அவர்கள் வாழ்வு எத்தகையது? தமிழில் கணக்குப் போட்டு வந்தவனுக்கு முதற் பருவம் பெருங்கண்டம். பாடம் ஆங்கிலத்தில், பக்கத்து இருக்கைக்காரன் பேசுவதும் ஆங்கிலத்தில். விடை தெரிந்திருந்தும் எழ அஞ்சுவான். ஒரு தாளில் தவறினால் 'அரியர்' என்ற சொல் வால் போல ஒட்டிக்கொள்ளும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கியது இந்த அச்சத்தை அறிந்துதான். மற்றபடி அங்கே கருத்தரங்கு உண்டு, கலைவிழா உண்டு, விடுதி வாயிற்படியில் நள்ளிரவு வரை வெட்டிப் பேச்சும் உண்டு. அந்தப் பேச்சில் கற்பது வகுப்பில் கற்பதற்குக் குறைந்ததன்று. மாணவர் பேரவைத் தேர்தலைத்தான் தனியார் பொறியியற் கல்லூரிகளில் காண்பது அரிது. லிங்டோ குழு 2006-இலேயே தேர்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைத் தனியே எழுதுவேன்.

சென்ற கோடையில் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு தெருமுனைக் கூட்டம். பேசி முடித்து இறங்கினேன். ஓர் அம்மையார் கிட்டே வந்தார். "அந்தக் காலேஜெல்லாம் பட்டணத்துப் புள்ளைங்களுக்கு, தம்பி. எம் மவன் பிளஸ் டூ முடிச்சான், கம்பெனில சேத்து விட்டுட்டேன்" என்றார். மகன் படித்தது எங்கே என்றேன். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. மதிப்பெண்ணும் குறைவில்லை. ஏழரை விழுக்காடு பற்றி யாரேனும் சொன்னார்களா என்றேன். "அப்படின்னா?" என்று திருப்பிக் கேட்டார்.

அன்று நான் பேசியது ஒரு மணி நேரம். கைதட்டல் பலமாகவே இருந்தது.

திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர், மறைத்து வை என்று குரு சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரமேறி ஊரறியக் கூவினார் என்று வைணவர் சொல்வர். மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூவினாரே, அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும். இங்கே மறைத்து வைக்கச் சொன்னவர் எவருமில்லை, அரசாணையே வெளிவந்திருக்கிறது. கூவத்தான் ஆளில்லை.

எனவே, தோழா, உன் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு வேலை தருகிறேன். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை இப்போதே குறித்துக்கொள். ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்றைப் பள்ளியில் வாங்கச் சொல். சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் இ-சேவை மையம் வழியே விண்ணப்பித்துப் பெற வேண்டியவை. கடைசி நாளில் ஓடினால் கிடைக்கா. கலந்தாய்வு விண்ணப்பம் இணையத்தில் வரும். வீட்டில் அறிந்தவர் இல்லையேல் நீ நிரப்பு. மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, கணிப்பொறி ஒன்று போதும். விண்ணப்பம் திறக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே போய் உட்கார்.