ஆகாச ஜெயிலும் ஒரிஜினல் ஐடியாவும்

'லாக்அவுட்' என்று ஒரு ஹாலிவுட் பாணிப் படம். 2012-ல் வந்தது. தயாரித்தது பிரான்ஸின் லுக் பெஸான் கம்பெனி. மூளைக்கு லீவு கொடுத்துவிட்டுப் பார்க்க உத்தமமான படம்.

வருஷம் 2079. பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு ஜெயில். ஐந்நூறு கைதிகளையும் தூங்கவைத்து, ரெக்கார்ட் ரூம் ஃபைல் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். களி கிண்டும் செலவு மிச்சம். அமெரிக்க ஜனாதிபதியின் மகள் பார்வையிட வருகிறாள். கூட வந்த மெய்க்காப்பாளர், கூடாது என்று சொல்லியும் ஒரு துப்பாக்கியை ஒளித்து எடுத்து வர, அது கைதியிடம் சிக்க, அத்தனை பேரும் எழுந்துவிடுகிறார்கள். மீட்கப் போகிறவர் கை பியர்ஸ். முதல் காட்சியில், குத்துக்குக் குத்து ஜோக் அடிக்கிறார் பாருங்கள், அதற்கே டிக்கெட் காசு சரியாய்ப் போச்சு.

க்ளைமாக்ஸில் ஹீரோவும் ஹீரோயினும் விண்வெளி உடையோடு குதித்து, பாராசூட் விரித்து ரோட்டில் வந்து இறங்குகிறார்கள். பூமிக்குப் பக்கத்துச் சுற்றுப்பாதையில் இருப்பது எதுவானாலும் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்தால் கரித்துண்டு கூட மிஞ்சாது. அதே 2012 அக்டோபரில் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் நிஜமாகவே குதித்தார். ஆனால் அவர் போனது பலூனில், உயரம் 39 கிலோமீட்டர்தான்.

போகட்டும், சினிமாவில் விஞ்ஞானம் தேடுவது சாம்பாரில் சர்க்கரை தேடுகிற மாதிரி. என்னை உட்கார வைத்தது டைட்டிலில் வரும் ஒரு வரி: 'ஒரிஜினல் ஐடியா - லுக் பெஸான்.'

ஜான் கார்ப்பென்டர் 1981-ல் 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' எடுத்தார். அதில் 1997-ல் மன்ஹாட்டன் தீவு முழுக்க ஜெயில். (நிஜ 1997-ல் அங்கே குடியிருந்தவர்களுக்கு வாடகைதான் தண்டனை.) உள்ளே ஜனாதிபதி மாட்டிக்கொள்ள, தண்டனை பெற்ற முரட்டு ஹீரோவை 'மீட்டு வா, விடுதலை' என்று அனுப்புகிறார்கள்.

எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? பாரீஸ் கோர்ட்டுக்கும் அப்படித்தான் பட்டது. நீதிபதிகள் இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பட்டியல் போட்டார்கள். எகத்தாளம் பேசும் ஹீரோ, வீரனாயிருந்தும் சிறை. அங்கே கிளைடர், இங்கே விண்கலம், இரண்டிலும் யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைகிறான். பழைய கூட்டாளியைச் சந்திக்கிறான், கூட்டாளி செத்துப் போகிறான். கடைசியில் ரகசிய ஆவணத்தைத் தானே வைத்துக்கொள்கிறான். ஜெயிலை ஆகாசத்துக்குத் தூக்கினால் மட்டும் கதை வேறாகிவிடாது என்றது கோர்ட். 2015-ல் நஷ்டஈடு மொத்தம் 80,000 யூரோ. பெஸான் தரப்பு அப்பீல் போனது. 2016-ல் அது 4,50,000 ஆயிற்று! பேசாமல் முதல் தொகையைக் கட்டியிருக்கலாம்.

கார்ப்பென்டர் மட்டும் கடன் வாங்காதவரா என்றால், தாராளமாக வாங்கினவர். 1976-ல் அவர் எடுத்த 'அஸால்ட் ஆன் பிரீசிங்ட் 13', ஜான் வெய்ன் நடித்த 'ரியோ பிராவோ'வின் பாதிப்பு. அந்தப் படத்துக்குத் தானே எடிட்டிங் செய்து, பெயர் போடும் இடத்தில் ஜான் வெய்ன் பாத்திரத்தின் பெயரையே போட்டுக்கொண்டார். யாரிடம் வாங்கினேன் என்று நெற்றியிலேயே எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி.

'மெட்டல் கியர் சாலிட்' என்ற வீடியோ கேமின் ஹீரோவும் அவருடைய ஹீரோ மாதிரியே, பெயர்கூட அதே ஸ்நேக்தான். அதன் மேலும் கேஸ் போடலாம் என்றார்களாம். கார்ப்பென்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். காரணம், அதை உருவாக்கியவரை அவருக்குத் தெரியுமாம், நல்ல மனுஷராம்.