ஓய்வு நேரக் கைவேலை: குட்டிக் காருக்குப் புதுச் சட்டை



கொலுவுக்குப் பூங்கா கட்டுவது பற்றி எழுதினாலும் எழுதினேன், திண்டிவனத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டு என்னை நன்றாக மடக்கிவிட்டார். "பூங்கா, குளம், ரோடு எல்லாம் சொன்னீங்க. ரோட்டிலே நிக்கிற காரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே! எங்க வீட்டிலே பெயிண்ட் உதிர்ந்துபோன பழைய குட்டிக் கார் அஞ்சாறு கிடக்குது. நாமே தேய்ச்சுக் கலர் அடிச்சா என்ன? ஆனா, என் இரண்டாவது பையனுக்கு ஒண்ணரை வயசு. எது கிடைச்சாலும் வாயிலே வச்சுக்கிறான். அதான் யோசனையா இருக்கு" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான ஆசை, நியாயமான யோசனை. இரண்டுக்கும் சேர்த்தே இந்தத் தடவை எழுதுகிறேன்.

"கார் பொம்மையா? அது ஆம்பிளைப் பசங்க சமாச்சாரமாச்சே!" என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். அவர்களுக்கு ஒரு சேதி. உலகமெங்கும் பேர் வாங்கிய மேட்ச்பாக்ஸ் கார்கள் எப்படிப் பிறந்தன தெரியுமா? இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்று ஒரு பொறியாளர். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டு வரலாம் என்று கண்டிப்பு. மகளுக்காகச் சின்னதாக ஒரு ரோடு ரோலர் செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து கிளம்பிய யோசனைதான் 1953-ல் மேட்ச்பாக்ஸ் வரிசையாகக் கடைக்கு வந்தது. ஆக, ஆரம்பமே ஒரு பெண் குழந்தைக்காகத்தான்!

முதலில் எந்தக் கார் என்று பாருங்கள்

கலர் அடிப்பதற்கு முன்னால் காரைத் தரம் பிரிக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி இதில் அவசரமே கூடாது.

எப்போது வாங்கியது, எங்கே செய்தது என்று தெரியாத பழைய காரா? அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில். தேய்த்தால் அது தூளாகப் பறந்து தரையில் படியும். தரையில் தவழ்கிற குழந்தையின் கைக்குப் போகும். கையிலிருந்து வாய்க்குப் போகும்.

"ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, அப்போ ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்காதீர்கள். ரசச் சொம்பு வெள்ளீயம். பெயிண்டில் சேர்வது காரீயம். பெயர் ஒன்று போல இருந்தாலும் உலோகம் வேறு. காரீயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பில் கவனம் குறையும். உடம்புக்குள் போகிற காரீயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக ஏற்றுக்கொள்ளும் என்றும், இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழுகாமல் இருக்கும் பெண்களும், பால் கொடுக்கிற தாய்மார்களும்கூடப் பழைய பெயிண்டைச் சுரண்டுகிற வேலையில் இறங்கக் கூடாது.

அப்படியானால் பழைய கார்களை என்ன செய்வது? ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடி அலமாரியில், பிள்ளைக்கு எட்டாத மேல்தட்டில் வையுங்கள். உதிர்ந்த பெயிண்டோடு நிற்பதும் ஓர் அழகுதான். துடைத்த துணியைக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கலர் அடிப்பதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதுக் காராக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கிற பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அந்த முத்திரை கம்பெனியில் பூசிய வண்ணத்துக்குத்தான். நாம் வீட்டில் பூசியதற்கு இல்லை. அதனால் என் வீட்டில் ஒரே சட்டம்: நாம் கலர் அடித்த கார் கொலுவுக்கும் அலமாரிக்கும், குழந்தை விளையாடுகிற கார் கடையில் வாங்கினபடியே. இரண்டையும் கலக்கவே கூடாது.

என்ன பெயிண்ட்?

கைவேலைக் கடைகளில் கிடைக்கும், தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பெயிண்ட் போதும். வாடை குறைவு. பிரஷ்ஷைக் குழாய்த் தண்ணீரிலேயே கழுவலாம். காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது. எனாமல் பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்தான். ஆனால் அதற்கு டர்பன்டைனோ தின்னரோ வேண்டும். வாடை தலையைச் சுற்றும். நெருப்பும் சட்டென்று பற்றும்.

வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. பத்து லட்சம் பங்கில் 90 பங்கு என்று அர்த்தம். டப்பாவில் அந்த வரி அச்சாகி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுக்குத்தான். பட்டறையில் நிஜக் காருக்கு அடித்து மிஞ்சியதை யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்பிரே டப்பாவா? மொட்டை மாடியில், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது மட்டும். அடுப்பும் பூஜை விளக்கும் இருக்கிற வீட்டுக்குள் கண்டிப்பாகக் கூடாது. துணி முகமூடி அந்த வாடையைத் தடுக்காது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய் எதையுமே கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தப்பித்தவறிக் குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து அதிகம். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அளவுக் கணக்கு

கார் டப்பாவில் 1:18, 1:24, 1:43, 1:64 என்று போட்டிருப்பார்கள். ஒன்றும் பயமில்லை. 1:43 என்றால் நிஜக் காரில் 43-ல் ஒரு பங்கு. நம் அம்பாஸடர் காரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். 1:18-ல் அது 24 செ.மீ.; 1:24-ல் 18 செ.மீ.; 1:43-ல் 10 செ.மீ.; 1:64-ல் ஏழு செ.மீ.கூட வராது. கொலுப் பூங்காவுக்கு இந்தக் கணக்கு ரொம்ப உபயோகம். 1:43 கார் வைத்தால் பக்கத்தில் நிற்கிற மனிதர் நாலு செ.மீ.க்குள்ளும், வீட்டு வாசற்கதவு ஐந்து செ.மீ. உயரத்திலும் இருந்தால் பொருத்தம். வீட்டைவிடக் கார் பெரிசாக நிற்கிற வேடிக்கை நடக்காது!

செய்முறை

எங்கள் விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளில் நிஜக் காருக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டி பார்ப்பார்கள், உப்புத்தாளால் தேய்ப்பார்கள், பிரைமர் அடிப்பார்கள். கலர் அடிப்பது கடைசியில்தான். பக்கத்துத் திருக்கனூரில், புவிசார் குறியீடு பெற்ற காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் அடிப்பூச்சு முடிந்த பிறகே வண்ணம். பளபளப்பு மேலே தெரிந்தாலும், அதைத் தாங்குவது அடியில் செய்த வேலை. குட்டிக் காருக்கும் இதே வழிதான்.

1. பாத்திரம் தேய்க்கிற சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக் காரைக் கழுவி, ஈரம் போகக் காயவிடுங்கள். அதற்குப் பிறகு விரல் படக் கூடாது. எண்ணெய்க் கை பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. இருபுறமும் ஒட்டுகிற டேப்பால் காரின் அடிப்பக்கத்தை ஒரு காலி டப்பாவில் ஒட்டிவிட்டால், டப்பாவைப் பிடித்துக்கொண்டே வேலை செய்யலாம்.

2. கண்ணாடி, சக்கரம் இரண்டையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்துங்கள்.

3. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள், 600-ம் நம்பர். வலுவாகத் தேய்க்க வேண்டாம். பளபளப்பு மங்கினால் போதும். புதுக் கார்தானே என்று உலர்த்தாளால் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. மறுபடி துடைத்துக் காய வையுங்கள்.

4. பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு. இது இல்லாவிட்டால் உலோகத்தில் அக்ரிலிக் தோலுரிந்த மாதிரி உரிந்து வரும். மேலே மஞ்சளோ சிவப்போ வரப்போகிறது என்றால் வெள்ளைப் பிரைமர் நல்லது. நிறம் எடுப்பாகத் தெரியும்.

5. இப்போது கலர். தோசை மாவுப் பதம் வேண்டாம். பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். தட்டைப் பிரஷ்ஷால் ஒரே பக்கமாக இழுங்கள். அரைகுறையாய்க் காய்ந்த இடத்தில் திரும்பப் பிரஷ் வைத்தால் கீறல் விழும். முதல் பூச்சில் அடிநிறம் திட்டுத்திட்டாகத் தெரியத்தான் செய்யும்; மனசு தளரக் கூடாது. மெல்லிசாக மூன்று, நான்கு பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவே நன்றாகக் காயவிடுங்கள். கனமாக ஒரே பூச்சு போட்டால் கதவு இடுக்கு, பம்பர் வேலைப்பாடு எல்லாம் மூழ்கிப்போய், கார் களிமண் உருண்டையாகிவிடும்.

6. காயும்போது மேலே ஒரு பெரிய டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். தூசி விழாது. அப்படியும் தூசி விழுந்தாலோ, வடிந்தாலோ கவலை வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகு 1000-ம் நம்பர் தாளை நனைத்து அந்த இடத்தில் மட்டும் லேசாகத் தேய்த்து, மறுபடி பூசலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லாமே மெதுவாகத்தான் காயும். இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

7. பம்பர், விளக்கு வளையத்துக்குச் சில்வர் கலர்; பின் விளக்குக்குச் சிவப்பு. பல் குத்தும் குச்சி முனையில் தொட்டு வைத்தால் பிரஷ்ஷைவிட அழகாக வரும். கறுப்பை நீர்க்கக் கரைத்துக் கதவு இடுக்கில் ஒரு சொட்டு விட்டால் தானே ஓடிப் பரவும். மேலே வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். பொம்மைக் காருக்கு நிஜக் கார்க் களை வருவது இந்த இடத்தில்தான்!

8. ஒரு ராத்திரி கழித்து, நிறமில்லாத வார்னிஷ் மெல்லிசாக இரண்டு பூச்சு. பிறகு இரண்டு மூன்று நாள் கை வைக்காதீர்கள்.

ரோட்டில் ஓடிய கார் மாதிரி வேண்டுமா? பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்து, காவி நிற சாக்பீஸைப் பொடி செய்து சக்கரத்துக்கு மேலே பஞ்சால் ஒற்றுங்கள். நம்ம ஊர்ச் செம்மண் ரோட்டில் போய் வந்த மாதிரியே இருக்கும்.

எந்தக் காருக்கு எந்தக் கலர்?

நான் விரும்பிச் செய்வது வெள்ளை அம்பாஸடர். 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரான கார். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமான காலத்தில், கலெக்டர் கார் என்றாலே பிள்ளைகளுக்கு அந்த வெள்ளை அம்பாஸடர்தானே ஞாபகம்? மேலே சிவப்புச் சுழல் விளக்கு வைப்பதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. அந்த விளக்குகளை 2017 மே 1 முதல் எடுத்துவிட்டார்கள். "அதற்கு முந்தின கார்" என்று சொல்லி நான் வைத்துவிட்டேன்! மஞ்சள் கூரை போட்டுக் கறுப்பு டாக்சி செய்யலாம். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கிடைத்தால் விடாதீர்கள். நிஜமான பழைய கார்களைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்க ஆசைப்பட்டால், கோவைப் பக்கம் போகிறபோது ஜீ.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, சின்னது தூங்கின பிறகு கிடைக்கிற அரை மணி நேரம் இருக்கிறதே, அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வேலை இது. ஒரு பூச்சுக்குப் பத்து நிமிஷம். மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் பிரஷ்ஷைக் கழுவி, பெயிண்டை மூடி, சாமான்களை ஒரே டப்பாவில் போட்டு, பரண் மாதிரி உயரமான இடத்தில் வைத்துவிடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். கார் முடிந்ததும் அடியில் உங்கள் பெயரையும் தேதியையும் சின்னதாக எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் கொலுப் பெட்டியைத் திறக்கிறபோது, "இது பாட்டி அடிச்ச கலர்" என்று சொல்லட்டுமே!

அடுத்த இதழில், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் கொலு வீடுகள் கட்டுவதைச் சொல்கிறேன். அதற்குள் ஒரு காராவது தயாராகிவிடும், இல்லையா?