அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், பத்து நிமிடம் பொறுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே வீடியோ எனக்கு இரண்டு குரூப்பிலிருந்து வந்தது. ஒன்று நம் பழைய மாணவர்கள் குரூப், இன்னொன்று எங்கள் பங்காளிகள் குரூப். பெங்களூருவில் ஏதோ ஒரு பப். கலர் விளக்கு, காதைப் பிளக்கும் பாட்டு, முப்பது நாற்பது ஆண்பிள்ளைகள் ஆடுகிறார்கள். இரண்டு பேர் தோளில் கைபோட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடுகிறார்கள். அவ்வளவுதான் வீடியோ. மேலே, "பெங்களூர்ல ஐடி வேலை பார்க்கற லட்சணத்தைப் பாருங்க" என்று எழுதியிருந்தது. கீழே சிரிப்புப் பொம்மைகள். எண்ணினேன், பதினாறு. அதில் ஒன்பது பேர் என்னிடம் படித்தவர்கள்.

சிரிப்போடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பதினேழாவதாக ஒருவர், "அந்த நீலச் சட்டை நம்மூர்ப் பையன் மாதிரி இருக்குதே" என்று போட்டார். அடுத்தவர் யார் வீட்டுப் பையன் என்று சொன்னார். அரைமணி நேரத்தில் அது பையனின் பெரியப்பா இருக்கிற குரூப்புக்கும் போய்விட்டது. மத்தியானம் முதல் பையனின் போன் ஸ்விட்ச் ஆஃப். திங்கட்கிழமை ராத்திரி அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார். அவரும் என் மாணவிதான். "சார், அவன் எப்படி இருந்தாலும் பரவால்லீங்க. உசுரோட இருந்தாப் போதுமுங்க" என்றார். அதற்கு மேல் பேச அவரால் முடியவில்லை.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பையன் என்ன குற்றம் செய்தான்?

சட்டப்படி ஒன்றும் இல்லை. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: வயது வந்த இருவர் மனமொப்பி இருந்தால் அது குற்றம் ஆகாது. அந்த வழக்கில் மனுப் போட்டவர்களில் ஒருவர் கேசவ் சூரி, லலித் ஹோட்டல் குடும்பத்துக்காரர். அவர்கள் நடத்தும் கிட்டி சூ என்கிற நைட் கிளப் டெல்லியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவைத்த இடம். ஆக, நீங்கள் கேலி செய்கிற மாதிரியான ஆட்டக்கூடத்தை நடத்துகிறவரே வாதியாக நின்று வென்ற வழக்கு அது. அதற்கு ஓராண்டு முன்னால், 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதும் அந்த அந்தரங்கத்தில் அடக்கம் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. முகம் தெரிகிற வீடியோவை ஊர் முழுக்க அனுப்புகிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

"சார், சட்டம் கிடக்கட்டுமுங்க, இது மேல்நாட்டுப் பழக்கமுங்க" என்று ஒரு மாணவர் எனக்குத் தனியாக எழுதினார். வரலாறு நடத்திய வாத்தியாரிடம் இதைச் சொல்லலாமா கண்ணு? மேல்நாட்டிலிருந்து வந்தது தண்டனைதான். மெக்காலே போட்ட வரைவு, 1860இல் வெள்ளைக்காரன் சட்டமாக்கினான், 377ஆம் பிரிவு. ஆயுள் தண்டனை வரைக்கும் கொடுக்கலாம் என்று இருந்தது. அவர்கள் நாட்டில் இந்தச் சட்டத்தை 1967இலேயே தளர்த்த ஆரம்பித்துவிட்டார்கள். நாம்தான் அதற்குப் பிறகும் ஐம்பது வருஷம் பூட்டிவைத்துப் பாதுகாத்தோம்.

டிஸ்கோ மட்டும் மேல்நாட்டுச் சரக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது யாருடைய சரக்கு என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். 1969 ஜூன் 28 விடியற்காலையில் நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்கிற பாரில் போலீஸ் புகுந்தது. ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினாலே கைதாகிற காலம். அன்றைக்கு அவர்கள் ஓடாமல் திருப்பி நின்றார்கள். அடுத்த பத்தாண்டில் அதே நகரத்துக் கூடங்களில், கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் இப்படித் துரத்தப்பட்டவர்களும் ராத்திரி முழுக்க ஆடி ஆடி வளர்த்ததுதான் டிஸ்கோ. 1977இல் ஹாலிவுட் அதைப் படமாக்கிக் காசு பார்த்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிக் கலாட்டா செய்ததில் அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. பாட்டுப் பிடிக்காத கோபம் மட்டும்தானா அது என்று இன்றைக்கும் அங்கே விவாதிக்கிறார்கள். அதே சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் அந்த இசையைத் தொடர்ந்து வளர்த்தார். ஹவுஸ் மியூசிக் என்ற பெயரே அந்தக் கிளப்பிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். உங்கள் வீட்டுக் கல்யாண ரிசப்ஷனுக்கு மண்டபத்தில் டிஜே போட்டு நெஞ்சு அதிர அடிக்கிறீர்களே, அந்தத் தாளம் அதற்குப் பேத்தி முறை.

நம் பக்கம் டிஸ்கோ வந்தது சினிமா வழியாக. 1982இல் இந்தியில் டிஸ்கோ டான்சர், 1985இல் அதையே தமிழில் ஆனந்த் பாபு நடித்து பாடும் வானம்பாடி. அந்த வருஷங்களில் எந்தப் பள்ளி ஆண்டு விழாவிலும் மினுமினுப்புத் துணி தைத்துப் போட்டுக்கொண்டு நாலு பையன்கள் ஆடாமல் இருந்ததில்லை.

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம். ஆண்டு விழாப் பொறுப்பு என்னுடையது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆடினான். அப்படி ஒரு ஆட்டத்தை அந்தப் பள்ளியில் நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இடுப்பு வளைந்தது, கை நளினமாக வந்தது, பெற்றோர் வரிசையில் யாரோ விசிலடித்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது போல இருந்தது. மேடையை விட்டு இறங்கியவனைத் திரைக்குப் பின்னால் வைத்து, "ஆம்பளையா நடக்கத் தெரியாதாடா?" என்று கேட்டு ஓங்கி அறைந்தேன். அவன் அழவில்லை. பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் எந்த விழாவிலும் பெயர் கொடுக்கவில்லை.

இருபது வருஷம் கழித்து அவன் தங்கை கல்யாணத்தில் பார்த்தேன். பம்பாயில் துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் நல்ல வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்: "நீங்க அடிச்சப்ப நின்னது சார், அப்புறம் பம்பாயிலதானுங்க ஆடினேன்." கொலாபாவில் வூடூ என்று ஒரு பப்பாம், சனிக்கிழமை ராத்திரி மட்டும் இவர்களுக்கு. டெல்லியில் பெக்ஸ் அண்ட் பின்ட்ஸ் என்ற இடத்தில் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை எந்த பப்புக்கும் கூட்டம் வராதல்லவா, அதனால் அந்த நாளை இவர்களுக்கு விட்டிருப்பார்கள் என்று சிரித்தான். உள்ளே போனால் உண்மைப் பெயர் கேட்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, இரண்டும் எழுதாத சட்டம் என்றான். வெளியே போலீஸ் நின்றால் பர்ஸில் இருப்பதைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டும். "அஞ்சு மணி நேரம் சார். வாரத்துல அந்த அஞ்சு மணி நேரந்தான் நான் நடிக்காம இருந்தது."

அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ரசம் பரிமாற வந்தார்கள், பேச்சு மாறிவிட்டது. இன்றைக்கு வரைக்கும் அது தொண்டையில் நிற்கிறது.

அடுத்த கேள்வி என் சொந்த மச்சானிடமிருந்து வந்தது. "என்ன வேணா பண்ணிட்டுப் போகட்டுமுங்க மாப்ள, நாலு சுவத்துக்குள்ள பண்ணட்டும். எதுக்கு பப்பு, ஆட்டம், குடி?" மச்சான், எந்த நாலு சுவர்? பேச்சிலருக்கு வீடு கொடுக்கும்போதே ஆயிரம் கேள்வி கேட்கிறோம். பார்க்கிலா? ஆணும் பெண்ணும் உட்கார்ந்தாலே லத்தியோடு எழுப்புகிறார்கள். கோயிலிலா? 2015இல் திருச்செங்கோட்டு மலையில், அம்மையும் அப்பனும் ஒரே உடம்பாக நிற்கிற சந்நிதியில், கல்லூரித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜுக்கு என்ன ஆனது என்று மறந்துவிட்டதா? மறுநாள் தண்டவாளத்தில் கிடந்தான். 2016இல் உடுமலை பஸ் ஸ்டாண்டு அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். ஜாதி மாறி ஒரு ஆணும் பெண்ணும் நிற்கவே இடம் கொடுக்காத மண்ணில் இரண்டு பையன்கள் எங்கே போய் நிற்பார்கள்? கல்யாணம் செய்துகொள்ளவும் வழியில்லை, 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டது. மிச்சம் இருப்பது காசு கொடுத்து நுழைகிற ஒரு கதவு. அதையும் செல்போனில் படமெடுத்து ஊருக்குக் காட்டுகிறோம்.

பப்பை நான் கோயில் என்று சொல்லவில்லை. குடி எனக்குப் பிடிக்காது, அது உங்களுக்கே தெரியும். அந்தக் கதவு எல்லோருக்கும் திறப்பதும் இல்லை. இங்கிலீஷும் நல்ல சட்டையும் பர்ஸில் காசும் இருக்கிறவனுக்குத் திறக்கும். சோமனூரில் தறி ஓட்டுகிறவனுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவனுக்கும் அதுவும் கிடையாது. அவர்களுக்குச் செல்போன் ஆப்தான். அதில் அழைத்து, அடித்து, படமெடுத்துப் பணம் பறிக்கிற கும்பல்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். வெளியே சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற ஒரே பயத்தை வைத்துத்தான் அந்த வியாபாரம் நடக்கிறது. அந்த பயத்துக்கு முதலீடு போடுவது யார்? ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரிப்புப் பொம்மை போட்ட பதினாறு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருக்கிறீர்கள்.

ஆண்கள் சேர்ந்து ஆடுவது அசிங்கம் என்றால், மாரியம்மன் நோன்பில் கம்பம் நட்டு, ராத்திரி ராத்திரியாக அதைச் சுற்றி வேர்க்க வேர்க்க ஆடினோமே, அது என்ன? பெருஞ்சலங்கை கட்டி ஆடினார்களே நம் தாத்தாக்கள், அதை யார் படமெடுத்துச் சிரித்தார்கள்? நம் ஆட்டத்தில் பயம் இல்லை. மேளம் அடங்கினால் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்கலாம். அந்தப் பையனுக்கும் வேண்டியது அதுதான். ஆடி முடித்து நிம்மதியாக வீடு திரும்ப வேண்டும்.

எனக்கும் இது ஒரே நாளில் புரிந்துவிடவில்லை. 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கே சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மனநல ஆலோசகர் முன்னால் மாணவராக உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பிறகுதான் உத்தரவு எழுதினார். ஒரு நீதிபதி "எனக்குத் தெரியாது" என்றதைப் படித்த அன்றைக்குத்தான் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனின் கன்னம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த உத்தரவில், இவர்களை "மாற்றுகிறேன்" என்று வைத்தியம் செய்வதற்கும் தடை போட்டார். இதை அந்தப் பையனின் பெரியப்பாவுக்காகவே எழுதுகிறேன். "ஒரு டாக்டர்கிட்டக் காட்டி, உடனே ஒரு பொண்ணைப் பார்த்து முடிச்சிடலாம்" என்று நீங்கள் பேசிக்கொண்டிருப்பது என் காதுக்கு வந்தது. டாக்டருக்கு 2022இலிருந்து அது தொழில் ஒழுங்கு மீறல், தேசிய மருத்துவ ஆணையமே சொல்லிவிட்டது. பெண் பார்க்கிற விஷயத்துக்கு வருவோம். யார் வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து அவள் வாழ்க்கையையும் சேர்த்து முடிக்கப்போகிறீர்கள்? அவளும் நம்மில் ஒருவர் பெற்ற பெண்தானே?

இரண்டு குரூப்பிலும் அட்மின் யார் என்று எனக்குத் தெரியும். இன்று இரவுக்குள் வீடியோவும் அதன் கீழே இருக்கிற பேச்சும் போக வேண்டும். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நான் இரண்டிலிருந்தும் வெளியேறிவிடுகிறேன், அடுத்த மாதம் பழைய மாணவர்கள் கூட்டத்துக்கும் என்னை எதிர்பார்க்க வேண்டாம். சிரிப்புப் பொம்மை போட்ட என் ஒன்பது மாணவர்களும் என்னிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். நம்பர் உங்களிடம் இருக்கிறது, உங்கள் வகுப்புத் தோழிதான்.

நேற்று காலை பையனிடமிருந்து அவருக்கு ஒரு வரி மெசேஜ் வந்தது, இருக்கிறேன் என்று மட்டும். வெள்ளிக்கிழமை உதய் எக்ஸ்பிரஸில் அவர் பெங்களூரு போகிறார். துணைக்கு நானும் போகிறேன். டிபன் பாக்ஸில் அவனுக்குப் பிடித்த பருப்புப் பொடியும் அரிசிப் பருப்புச் சாதமும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஏழு மணி நேரத்தில் கெட்டுப்போகாதா என்று கேட்டேன். கெடாதுங்க சார் என்றார்.